துவிலியோவின் கேனும் என் பன்னிரண்டு புட்டிகளும்

நடந்ததைச் சொல்லும் முன் சில செய்திகளைச் சொல்லியாக வேண்டும். இத்தாலியில் உள்ள எங்கள் மலையூர் கியாந்தி என்னும் சிவப்பு ஒயினுக்குப் பேர்போனது. என் நிலவறையில் எட்டு ஆண்டுகளாகப் பன்னிரண்டு கியாந்திப் புட்டிகள் படுத்திருந்தன. இந்த வீட்டில் என்னைவிட மரியாதையாக நடத்தப்பட்டவை அவை மட்டுமே. அவற்றைக் கவனித்தவன் நான் என்பதே காரணம். அடுத்து, என் மனைவி எர்சிலியாவின் அண்ணன் துவிலியோ. அவரும் ஒயின் செய்கிறார். பிளாஸ்டிக் கேனில் கொண்டுவருகிறார். முப்பது ஈஸ்டர் விருந்துகளில் அதைத்தான் விழுங்கினோம். கடைசியாக, சோம்பு. சோம்பு மென்ற வாயில் மட்டமான ஒயினும் இனிக்கும், நல்ல ஒயினின் அருமை தெரியாது. ஆகவே எங்கள் பக்கத்தில் ஒயின் வாங்கப் போகிறவர் சோம்பைத் தொடமாட்டார். விற்கிறவர் தட்டு நிறைய நீட்டுவார்.

இவ்வாண்டு நான் ஒரு முடிவெடுத்தேன்.

"எர்சிலியா, இந்த ஈஸ்டருக்கு மேசை மேல என் கியாந்திதான். உன் அண்ணன் கேன் வாசலோட நிக்கணும்."

"அண்ணன் மனசு நொந்துபோகும்ங்க."

"முப்பது வருஷமா என் வயிறு நொந்துபோயிருக்கு."

அவள் மாவு தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியுமா உங்களுக்கு?"

"கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவேன்."

"அப்போ கட்டிருவோம். ஜெயிச்சா உங்க புட்டி மேசைக்கு. தோத்தா அண்ணன் கேன் மேசைக்கு, உங்க புட்டி என் அடுப்புக்கு."

நிபந்தனைகளை நானே வகுத்தேன். சீஸ் கூடாது. சோம்பு கூடாது. உப்பில்லாத ரொட்டி மட்டும் உண்டு. நடுவர், மாடி வீட்டு இல்வா அக்கா. மருந்துக்கடைக்காரரின் மனைவியாக இருந்து விதவையானவர். தம் வயதைத் தவிர வேறெதிலும் பொய் சொல்லாதவர்.

ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறு நண்பகலில் அக்கா ஒரு பொட்டலத்துடன் வந்தார்.

"வெறுங்கையோடயா வருவாங்க? என் கையால செஞ்ச சலாமி, தம்பி."

பொட்டலத்தில் உலர்த்திய பன்றியிறைச்சி உருளை. முகர்ந்தேன். "இதுல சோம்பு இருக்கேக்கா."

"நம்மூரு சலாமில சோம்பு இல்லாம ரோஜாப்பூவா இருக்கும்? வேண்டாம்னா விடு. அவர் இருந்தவரைக்கும் என் சலாமியை யாரும் வேண்டாம்னதில்ல." கைக்குட்டை வெளியே வந்தது.

"விடுங்கக்கா, இவருக்குப் பயம்" என்றாள் எர்சிலியா.

எட்டு ஆண்டுகள் பயின்ற நாக்கு ஒரு துண்டுக்கு அஞ்சுமா? தின்றேன். இரண்டாவது துண்டு மரியாதைக்காக. மூன்றாவது முதல் ஏழாவது வரையிலான துண்டுகளுக்குக் காரணம் கூற இயலவில்லை.

கண்ணைக் கட்டினார்கள். முதல் கோப்பையை உருட்டிச் சுவைத்தேன்.

"ஆஹா. புளிப்புச் செர்ரி, வயலட் பூ, கடைசில துளி புகையிலை. இதுக்குத் தக்காளில வேகவச்ச காட்டுப்பன்றி வேணும். இந்தப் புளிப்பு அந்தக் கொழுப்பை அறுத்துடும். அப்புறம் முத்தின ஆட்டுப்பால் சீஸ். இதான் என் பிள்ளை."

இரண்டாவது கோப்பை வந்தது.

"சீ, வாயைப் பிடிச்சு இழுக்குது. முரடு. இதோட சேர்த்துச் சாப்பிடப் பொருத்தம், பட்டினிதான். இதான் மச்சான் கேன்."



"தம்பி, உன் பிள்ளைன்னு கொஞ்சினது கேன்" என்றார் அக்கா.

கண்கட்டை அவிழ்த்தேன். "சலாமிதான் கெடுத்துச்சு. அக்காவைச் சலாமியோட வரச்சொன்னது யாரு?"

"நான்தான்" என்றாள் எர்சிலியா. "வரச்சொன்னது நான். ஏழு துண்டு தின்னது யாரு?"

பின்னர் முடிவானவை பின்வருமாறு. தீர்ப்பின் மீது மேல்முறையீடு கிடையாது. வயலட் பூ, புகையிலை ஆகிய சொற்கள் துவிலியோவுக்கு அன்று மாலையே தெரிவிக்கப்பட்டன. இப்போது அவர் அவற்றைக் கேனின் மேல் எழுதி ஒட்டியிருக்கிறார். ஈஸ்டர் காட்டுப்பன்றியை முந்தின நாளே என் கியாந்தியில் ஊறவைத்தார்கள். போட்டிக்குத் திறந்ததையும் சேர்த்து மூன்று புட்டிகள் போயின. மீதி ஒன்பதும் அடுப்பங்கரை அலமாரியில், எண்ணெய்க்கும் வினிகருக்கும் நடுவில் நிற்கின்றன. விருந்தில், அந்தக் கறிக்குக் கேன் ஒயின் மிகப் பொருத்தம் என்று அனைவரும் கூறினர். அன்று நான் சோம்பைத் தொடவில்லை. ஆனாலும் இன்னொரு கோப்பை கேட்டவன் நான் ஒருவன்தான்.