மஞ்சள் முக்கோணமும் ஒரு வயரும்

கம்ப்யூட்டர் திரையின் மூலையில் 'இணைய இணைப்பு இல்லை' என்று ஒரு மஞ்சள் முக்கோணம் தலைகாட்டியபோது, அலாரம் ஐயா அதற்கு எதிரில் இருந்த நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த துணி கையிலேயே நின்றுவிட்டது.

இன்னும் சற்று நேரத்தில் அந்த நாற்காலியில் உட்கார வேண்டியவர் அவருடைய மனைவி. மூணு மணிக்கு நேர்காணல், வீட்டிலிருந்தே, திரை வழியாக. ஊருக்குத் தண்ணீர் வழங்கும் நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் வேலை பார்க்கிற அம்மா அது. குழாய் வறண்டுபோனவர்கள் தொலைபேசியில் கொட்டுகிற வசவையெல்லாம் வாங்கிக்கொண்டு, வாங்கியதாகவே காட்டிக்கொள்ளாமல் வருஷக்கணக்கில் பதில் சொன்னவர். அந்தப் பிரிவுக்கே தலைமைப் பதவி முன்பும் கைக்கு எட்டி நழுவியிருக்கிறது. இந்தத் தடவையும் நழுவினால், அடுத்த வாய்ப்பு வருவதற்குள் ஓய்வு பெறும் வயது வந்துவிடும்.

அலாரம் ஐயா துணியைத் தோளில் போட்டுக்கொண்டு திரையை நெருங்கினார்.

அலாரம் என்பது அவர் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் வைத்த பெயர். அங்கே அவர் பாதுகாப்பு அதிகாரி. எந்த விளக்கு மினுக்கினாலும் ஓடிப்போய் நிற்பார் என்பதற்காகக் கிண்டலாக வைத்தார்கள். ஒரு நாள் கிடங்கில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. அது சும்மாவே எரியும் என்று எல்லாரும் வேலையைப் பார்த்தார்கள். இவர் ஒருவர்தான் தொண்டை கிழியக் கத்தி அத்தனை பேரையும் வாசலுக்கு விரட்டினார். கடைசி ஆள் வெளியே வந்த பிறகு, கசிந்த வாயு பற்றிக் கிடங்கு கொழுந்துவிட்டு எரிந்தது. ஒருவர் உடம்பிலும் கீறல் இல்லை. அன்று முதல் அந்தப் பெயரோடு 'ஐயா' சேர்ந்துகொண்டது. அப்படிப்பட்டவர் ஒரு முக்கோணத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பாரா?

கொண்டை ஊசியைப் பல்லில் கடித்தபடி மனைவி வந்தார். முக்கோணத்தை எட்டிப் பார்த்துவிட்டு ஊசியைத் தலையில் செருகினார்.

"அது சும்மா காட்டுதுங்க. காலையிலேர்ந்தே அப்படித்தான். இன்னிக்கு நான் என் போன்லேர்ந்துதான் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் எடுத்திருக்கேன், நல்லா வருது. நேர்காணல் பக்கத்துக்குள்ளேயும் போயாச்சு. அவங்க சேத்துக்க வேண்டியதுதான் பாக்கி."

இதில் முதல் மூன்று வார்த்தையைத் தாண்டி அவர் காதில் எதுவும் ஏறவில்லை.

"சும்மா காட்டுதா? கிடங்கு விளக்கையும் இப்படித்தாம்மா சொன்னாங்க."

எதிர்த்துப் பேசினால் எதிராளி இன்னும் ஏறுவான் என்பது அந்த அம்மாள் தொழிலில் முதல் பாடம். "உங்க கவலை எனக்குப் புரியுதுங்க" என்றார். அது வீட்டுக் குரல் இல்லை, புகார்ப் பிரிவுத் தொலைபேசிக்கு என்றே வைத்திருக்கிற குரல். அலாரம் ஐயாவுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. புரிந்துகொண்டாளே என்ற திருப்தியில், மனைவிக்காகத் துடைத்த நாற்காலியில் தானே உட்கார்ந்துவிட்டார்.

அமைப்புகள் என்று ஒரு ஜன்னலைத் திறந்தார். அதற்குள் இன்னொன்று, அதற்குள் மற்றொன்று. நேர்காணல் பக்கம் அடியில் எங்கோ புதைந்துபோனது. ஓரிடத்தில் 'சிக்கலைக் கண்டுபிடி' என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினார். கம்ப்யூட்டர் வெகுநேரம் யோசித்துவிட்டு, சிக்கல் எதுவும் இல்லை என்று சொன்னது. முக்கோணம் மட்டும் மூலையில் அசையாமல் இருந்தது.

மேலே ஒரு பேச்சு, கீழே ஒரு பேச்சு பேசுகிற இயந்திரத்தை எப்படி நம்புவது என்று முணுமுணுத்துக்கொண்டே, கம்ப்யூட்டரையே அணைத்துப் போடக் கையை நீட்டினார். மனைவி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதை மட்டும் அணைக்காதீங்க. உங்களுக்கு ரவுட்டர் மேல சந்தேகம் இருக்கு இல்லையா? முதல்ல அதைப் பாருங்களேன்."

தனக்கு ரவுட்டர் மேல் சந்தேகம் இருந்தது அந்த நிமிஷம்தான் அலாரம் ஐயாவுக்கே தெரிந்தது. மனைவியின் கூர்மையை மனசுக்குள் மெச்சிக்கொண்டார். நாற்காலிக்குப் பின்னால் சுவர் அலமாரியின் உச்சியில் இருந்தது ரவுட்டர். முக்காலியைப் போட்டு ஏறினார். அதுவரை வரிசையாகப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அணைத்துப் போட்டதும் சிவப்பாக எரிந்தது.

சிவப்பைப் பார்த்த பிறகு அவரை யார் தடுக்க முடியும்? ரவுட்டரின் முதுகில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதில் குத்தினால் எல்லாம் சரியாகும் என்று யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. கீழே கையை நீட்டினார். மனைவி தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவிக் கொடுத்தார். குத்தினார். பாஸ்வேர்டு முதற்கொண்டு அத்தனையும் அழிந்து, இருந்த சிவப்பு விளக்கும் அணைந்துபோனது. இதுவரை ஒழுங்காக இருந்த வீட்டு இணையம் நிஜமாகவே செத்தது.

அந்தச் சமயத்தில்தான் மெல்லிசாக ஒரு முணுமுணுப்பு கேட்டது. கொசு பேசினால் எப்படி இருக்கும், அப்படி. ரவுட்டருக்கு உள்ளேதான் ஏதோ கருகுகிறது என்று முடிவு கட்டி மூடியைத் திறந்தார். முணுமுணுப்பு ரவுட்டரிலிருந்து வரவில்லை. கீழே மேஜை மேல் கிடந்த ஹெட்போனிலிருந்து வந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மூடியைத் திறந்த வேகத்தில் ரவுட்டரில் சொருகியிருந்த வயரும், அதன் நுனியில் இருந்த பிளாஸ்டிக் கொக்கி ஒடிந்து, கையோடு வந்துவிட்டது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூணு தாண்டி முள் நன்றாக இறங்கியிருந்தது.

மனுஷர் அப்படியே முக்காலி மேல் உட்கார்ந்துவிட்டார். ஒரு கையில் வயர், ஒரு கையில் ஒடிந்த கொக்கி. கிடங்கு எரிந்த அன்றுகூட அவர் கண் கலங்கியதில்லை.

"உன் வேலையில நானே மண்ணள்ளிப் போட்டுட்டேன்மா" என்றார். "எத்தனை பேரு எத்தனை பேச்சு பேசியிருப்பாங்க. ஒரு நாளாவது வீட்டுக்கு வந்து மூஞ்சியைக் காட்டியிருக்கியா? உன்னை அந்த இடத்துல உக்கார வைக்க அவங்கதான் குடுத்து வச்சிருக்கணும். அது என்னாலேயே கெட்டுது பாரு."

மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் துளி இல்லை. இப்படி ஒரு ஆள் தனக்காக முக்காலி ஏறி ரவுட்டரைக் கொலை செய்கிறானே என்ற அன்புதான் இருந்தது. ஆனால் குரல் மட்டும் அந்தத் தொலைபேசிக் குரல்.

"எதுவும் கெடலைங்க. சரியான இடத்தைத்தான் கண்டுபிடிச்சிருக்கீங்க, அந்த வயர்தான் லூஸு. அதை அப்படியே தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. ஆடக் கூடாது, பேசக் கூடாது. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

அலாரம் ஐயா எழுந்து வயரை உயர்த்திப் பிடித்தார். முக்கோணத்துக்கு என்ன தோன்றியதோ, அந்த நேரம் பார்த்துத் தானாக மறைந்தது. அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

மனைவி உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அவர் திறந்து போட்டிருந்த ஜன்னல்களை ஒவ்வொன்றாக மூடினார். கடைசி ஜன்னலை மூடியதும் ஒரு கணம் திகைத்தார். காது மடல் சிவந்தது. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, வணக்கம் என்றார்.

திரையில் யாரோ மூன்று பேர் தெரிந்தார்கள். அலாரம் ஐயா அவர்களைப் பார்க்கவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, முக்கோணம் திரும்ப வருகிறதா என்று மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கை மரத்தது. வயர் ஆடாமல் அடுத்த கைக்கு மாற்றினார். மூக்கு அரித்தது, பொறுத்துக்கொண்டார். அவரைப்போல் ஒரு வயரைப் பிடிக்க ஆள் கிடையாது. அது எதிலுமே சொருகப்படாத வயர் என்பது வேறு விஷயம்.

மனைவி சொல்கிற பதில்கள் மட்டும் அவர் காதில் விழுந்தன. எல்லாம் நிதானமாக, முத்து முத்தாக இருந்தன. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. நடுநடுவே, "ஆமாங்க, அவரேதான்... இல்லைங்க, பழகிடுச்சு... ரொம்ப நல்ல மனுஷருங்க" என்றும் கேட்டது. குடும்பத்தைப் பற்றியும் விசாரிக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி வயரை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.

கடைசியில் அவர்கள் என்னவோ கேட்க, மனைவி ஒரு தடவை அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஹெட்போன் வயரைக் கம்ப்யூட்டரிலிருந்து உருவினார். அறை முழுக்கச் சிரிப்புச் சத்தம் நிறைந்தது. அதுவரை வாயே திறக்காத, கண்ணாடி போட்ட ஒரு பெண்மணிதான் முதலில் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசினார்.

"சொன்னா கேக்காத ஆளை எப்படிச் சமாளிப்பீங்கன்னு ஒரு கேள்வி வச்சிருந்தோம்மா, ஆனா மூணு மணியிலேர்ந்து எல்லாத்தையும் பாத்துக்கிட்டும் கேட்டுக்கிட்டும்தான் இருக்கோம், அதனால அதைக் கேக்கவே வேண்டி வரலை, வேலை உங்களுக்குத்தான், இனிமே ஐயாவை அந்த வயரைக் கீழே போடச் சொல்லுங்க."