மறுதரப்பு சாரும் ஓர் எவர்சில்வர் குடமும்

இந்த ஜில்லாவில் என் மானத்தை அதிகம் வாங்கிய மனிதர் யார் என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு மறுதரப்பு சார் என்று சொல்வேன். என் மாமியாருக்குக்கூட இரண்டாம் இடம்தான்.

திண்டுக்கல்லில் நான் வேலை பார்க்கும் மாலைப் பத்திரிகையின் மூத்த நிருபர் அவர். பெற்றோர் வைத்த பெயரைச் சொன்னால் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. எந்தச் செய்தியைக் கொண்டுபோய் நீட்டினாலும், படிப்பதற்கு முன்பே மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "மறுதரப்பு என்ன சொல்லுது?" என்பார். பசுமாடு கிணற்றில் விழுந்த செய்திக்கும் இதே கேள்விதான். "சார், மாட்டையா கேக்க முடியும்?" என்றால், "கெணத்துக்காரர கேட்டியாலே? சுவர் கட்டாம ஏன் போட்டு வச்சிருக்காருன்னு கேட்டியா?" என்று திருப்பி அனுப்புவார். போய்க் கேட்டால், அங்கேதான் உண்மையான செய்தி உட்கார்ந்திருக்கும். அந்த எரிச்சலை என்னவென்று சொல்ல!

நிருபருக்குச் சொந்தக் கருத்து கூடாது என்பது அவர் சித்தாந்தம். மற்றவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். இவர் அதை டீக்கடை வரைக்கும் கொண்டுபோனார். டீக்கடைக்காரர் ஆசையாக, "சார், டீ எப்டி இருக்கு?" என்று கேட்டால், சுற்றி நிற்பவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நல்லாருக்குன்னுதான் குடிச்சவங்க பேசிக்கிறாங்க" என்பார். அலுவலக வாட்ஸப் குழுவில் ஒருவருக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தி வந்தது. ஆளாளுக்கு இதயமும் பூங்கொத்துமாகக் கொட்டினோம். இவர் போட்டது: "தகவல் பெறப்பட்டது." அந்தத் தகப்பன் ஒரு மாதம் இவரோடு பேசவில்லை.

சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போன இடத்தில், மேலாளரோடு சண்டை போட்ட பாவத்தைச் சொல்லிவிட்டு, "சாமி, தண்டனை குடுக்குறதுக்கு முன்னாடி அவரையும் ஒரு வார்த்த விசாரிச்சுக்கங்க" என்றாராம். வரிசையில் அடுத்து நின்றவர் காதில் விழுந்து, சிரித்துக்கொண்டே எங்களிடம் சொன்னது இது. சார் மறுக்கவில்லை.

எனக்குப் பெண் பார்க்கத் தாடிக்கொம்புக்குப் போனபோது, பெரிய மனிதர் ஒருவர் கூட இருக்கட்டுமே என்று இவரை அழைத்துப்போனேன். புத்தி கெட்ட வேளை. பெண்ணின் அப்பா மரியாதையாக, "மாப்பிள்ளை ஆளு எப்டிங்க?" என்று கேட்டார். சார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நல்ல பையன்னு ஆபீஸ்ல ஒரு தரப்பு சொல்லுது. சோம்பேறின்னு இன்னொரு தரப்பும் இருக்கு. ரெண்டு பேரு நம்பரும் தாரேன், கேட்டுக்கங்க."

கையில் கேசரித் தட்டோடு நான் அப்படியே சுருங்கிப்போனேன். மாமனார் நிஜமாகவே இரண்டு பேருக்கும் போன் போட்டார். அப்புறம் பெண்ணும் கொடுத்தார். "ஒங்க ஆபீஸ்ல பொய் சொல்லாத ஆளு ஒருத்தராச்சும் இருக்காருல்ல, அது போதும்" என்று காரணமும் சொன்னார். நான் கல்யாணம் செய்துகொண்டதே அவருடைய நற்சான்றில்தான் என்று என் மனைவி இன்றுவரை குத்திக்காட்டுவாள்.

பத்திரிகையாளர் சந்திப்பு என்றால் கேட்கவே வேண்டாம். ஏசி ஹாலில் எல்லாரும் பிரியாணியை ஒரு கை பார்த்துக்கொண்டிருக்கும்போது, இவர் பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துத் தயிர்சாதமும் மாவடுவுமாகப் பரப்புவார். "ஒருத்தர் சோத்தத் தின்னுட்டு அவரப் பத்தி எழுதுனா, எழுத்துல மசாலா வாசன வரும் அப்பு" என்பார். மாவடுவைக் கடிக்கும் சத்தத்தில் பேட்டி கொடுப்பவரே திரும்பிப் பார்ப்பார். நான் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டு, இவர் யாரோ நான் யாரோ என்பதுபோல லெக் பீஸைக் கடிப்பேன்.

இப்படிப்பட்ட மனிதர்தான் ஒரு நாள் மேடையேறி, மைக்கைப் பிடித்து, ஊரறியச் சொந்தக் கருத்து சொன்னார்.

குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு கிராமத்தில் புதிய குடிநீர்த் தொட்டி திறப்பு விழா. மழையை நம்பிக் கடலையும் சோளமும் போடுகிற ஊர். உள்ளூர்த் தலைவர் ஒருவர் (பெயர் வேண்டாம்) பந்தல், மாலை, மேளம் என்று தடபுடல் செய்திருந்தார். வந்த நிருபர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு எவர்சில்வர் குடம் அன்பளிப்பு. தண்ணீர் விழாவாயிற்றே, பொருத்தமாக இருக்க வேண்டாமா! சார், "எங்க வீட்ல கொடம் இருக்குங்க" என்று கும்பிட்டு விலகிக்கொண்டார். நான் வாங்கிக்கொண்டேன். எல்லாரும் வாங்கும்போது நான் மட்டும் முறுக்கிக்கொண்டால் நன்றாகவா இருக்கும் என்று அப்போது நினைத்தேன். எதிர்ப்பக்கம் கயிறு கட்டி நிறுத்தியிருந்த பெண்கள் வெற்றுக் குடங்களோடு நின்றார்கள். அவர்களுடையது நெளிந்த பிளாஸ்டிக். என்னுடையது பளபளவென்று முகம் தெரிகிற மாதிரி இருந்தது. எதைப் பார்க்கிறார்கள் என்று தெரியாமல் குடத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். குடம் மறைகிற சாமானா?

தலைவர் குழாயைத் திறந்தார். புஸ்ஸென்று காற்று வந்தது. இன்னொரு திருகு திருகினார். ஒரு பல்லி வந்தது. உடனே அவருடைய ஆள் ஒருவர் காரிலிருந்து கேன் தண்ணீரைத் தூக்கிவந்து, முன்னால் நின்ற ஓர் அம்மாவின் குடத்தில் ஊற்றினார். தலைவர் குழாயில் கை வைத்துச் சிரித்தார். படம் எடுத்துக்கொண்டிருந்த நான், "அம்மா, செத்த இந்தப் பக்கம் பாருங்க, லேசா சிரிங்க" என்று சொன்னேன். அந்த அம்மாவும் சிரித்தார். படம் எடுத்து முடிந்ததும், "அடுத்த போட்டோவுக்கு வேணும்ல?" என்று அந்த ஆள் குடத்தை வாங்கி, தண்ணீரைத் திரும்பக் கேனிலேயே கவிழ்த்துக்கொண்டார். காலிக் குடத்தை அந்த அம்மாவிடம் நீட்டினார். அவரும் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

மறுதரப்பு சார் என் பக்கத்தில்தான் நின்றார். நேராக அந்த அம்மாவிடம் போய், "நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்று கேட்டார். அவர் தலைவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், "நான் என்னத்தச் சொல்ல?" என்றார். அந்த நேரம் பார்த்தா மேடையிலிருந்து, "நடுநிலை தவறாத மூத்த பத்திரிகையாளர் நாலு வார்த்தை வாழ்த்திப் பேசுவார்" என்று ஒலிபெருக்கி அலற வேண்டும்! இவர் மறுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். விறுவிறுவென்று ஏறினார். எதற்கும் பக்கத்தில் இருப்போம் என்று நானும் பின்னாலேயே ஏறிவிட்டேன்.

"இது அநியாயம்" என்றார். அவ்வளவுதான். அடுத்த நொடி, பழக்கதோஷம் விடுமா? மைக்கைத் தலைவர் வாய்க்கு நேராக நீட்டி, "ஒங்க தரப்பு?" என்றார்.

திடுக்கிட்ட தலைவர் வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டார். "மோட்டாருக்கு இன்னும் கரண்டு கனெக்‌ஷனே குடுக்கலைங்க!"

பந்தலே வெடித்துச் சிரித்தது. யாரோ ஓர் இளவட்டம் எடுத்த வீடியோ, நாங்கள் திண்டுக்கல் வந்து சேர்வதற்குள் ஊரெல்லாம் சுற்றி, தாடிக்கொம்பில் என் மாமனார் போனுக்கும் போய்விட்டது. மைக், சார், தலைவர், அவர்களுக்கு நடுவே குடத்தோடு நான். வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி குடத்தை வாங்கிப் பார்த்தாள்.

"இதுலயா எம்புள்ளைக்குத் தண்ணி குடுக்கச் சொல்றீக?" என்று கேட்டுவிட்டுப் பரண்மேல் கவிழ்த்துப் போட்டாள்.

சார் எழுதிய செய்தி மூன்றே வரி. தொட்டி திறக்கப்பட்டது, தண்ணீர் வரவில்லை, மின் இணைப்பு இல்லை என்று தலைவர் தெரிவித்தார். பத்திரிகையில் முதல் வரி மட்டும் வந்தது, நான் எடுத்த படத்தோடு. அந்த அம்மா படத்தில் அழகாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

தலைவரின் ஆட்கள் மதுரைத் தலைமை அலுவலகத்தைக் கூப்பிட்டு, "ஒங்க ஆளு மேடையேறி எங்கள அசிங்கப்படுத்துறாரு, இனி விளம்பரம் கெடையாது" என்று எகிறினார்கள். ஆனால் அதற்கு முன்பே மதுரைக்கு ஒரு புகார் போய்ச் சேர்ந்திருந்தது. செய்தி சேகரிக்கப் போன இடத்தில் நிருபர் சொந்தக் கருத்தைச் சொன்னது தவறு, நடவடிக்கை எடுக்கவும் என்று. அனுப்பியவர் மறுதரப்பு சார்.

விசாரிக்க மதுரையிலிருந்து மேலாளர் வந்தார். சாருடைய வேலை அந்த அறையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"புகார்தாரர் யாரு?"

"நாந்தான் சார்."

"யார் மேல புகார்?"

"எம்மேலதான் சார்" என்று சொல்லிவிட்டு, எழுந்து எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். புகார் சொல்லும்போது இந்த நாற்காலி, பதில் சொல்லும்போது அந்த நாற்காலி. பாதி விசாரணையில் மேலாளருக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது.

அவரைக் காப்பாற்றலாம் என்று நான் சாட்சி சொன்னேன். "மைக் கரகரன்னு இருந்துச்சு சார். அநியாயம்னு சொன்ன மாதிரி எனக்குக் கேக்கல."

"ஏலே!" என்றார் சார். "பக்கத்துலதான நின்ன? வீடியோவப் பாரு, கொடத்தோட நிக்கிற."

மேலாளர் என்னைப் பார்த்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மேலாளர் நல்லவர். சாரிடம் இறங்கித்தான் வந்தார். "வெயில்ல தல கிறுகிறுத்துருச்சு, தெரியாமப் பேசிட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சார். விஷயத்த முடிச்சுருவோம்."

"தெரிஞ்சுதான் சார் பேசுனேன்."

"அப்ப பேசுனது சரிங்கிறீங்களா?"

"விஷயம் சரி சார். சொன்ன ஆளு தப்பு. அத அந்தம்மா சொல்லணும், நான் எழுதணும். அதான் மொற. அந்தம்மா வாயில வார்த்த வரல. எனக்குப் பொறுக்கல."

என் கையில் அப்போது குடம் இல்லை. ஆனாலும் அதன் கனம் தெரிந்தது.

வேலை தப்பியது, நிருபர் பதவி போயிற்று. இப்போது விளம்பரக் கவுண்டரில் இருக்கிறார். அங்கேயும் மனிதர் அடங்கவில்லை. கண்ணீர் அஞ்சலி கொடுக்க வந்தவரிடம், "பாசமிகு தந்தைன்னு எழுதியிருக்கீங்க. பாசமா இருந்தாரா?" என்று கேட்டிருக்கிறார். வந்தவர், "எங்கட்ட எப்டின்னு சொல்லத் தெரியல சார். ஆட்டுக்குட்டிககிட்ட அம்புட்டுப் பாசமா இருப்பாரு" என்று சொல்லி, கவுண்டரிலேயே விம்மி அழுதாராம். விளம்பரமும் அப்படியே வந்தது: ஆடுகளிடம் பாசமிகு எங்கள் தந்தை.

அந்தக் கிராமத்துக்கு ஒரே வாரத்தில் கரண்டு வந்து, தண்ணீரும் வந்துவிட்டது. நான் சொன்னபோது, "நேர்ல பாத்தியா, கேள்விப்பட்டதா?" என்றார் சார். மறுநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். குடத்தைப் பற்றி மட்டும் அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அது இன்னும் பரண்மேல்தான் இருக்கிறது.

இதை எழுதி முடித்ததும், முறைப்படி அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார்.

"எல்லாம் ஒருபக்கமா இருக்கேலே. என்னையப் பிடிக்காதவங்களக் கேட்டியா?"

சரியென்று கிளம்பினேன். தலைவருக்குப் போன் போட்டேன். "அவரு மேல எனக்கென்னங்க கோவம்? தண்ணி வந்ததுக்குச் சனம் என்னையத்தான கும்பிடுது" என்றார். மேலாளரைக் கேட்டேன். "தங்கமான ஆளுப்பா. அதான் தலவலி" என்றார். பெண் குழந்தை பிறந்த அந்த அப்பா, "மக ஸ்கூல் போறா. அவருதான் அப்ளிகேஷன் எழுதிக் குடுத்தாரு" என்றார். என் மாமனாரைக் கேட்டதற்கு, "ஏன், அவருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று பதறிப்போனார்.

திரும்பி வந்து, "கேட்டுட்டேன் சார், ஒருத்தரும் சிக்கல" என்றேன்.

"அப்ப அதையே போடு" என்றார் நிமிராமலே. "அதான் மொற."

ஆகவே, முறைப்படி: மறுதரப்பைத் தொடர்புகொள்ளப் பலமுறை முயன்றோம், கிடைக்கவில்லை.