ஹொல்ம்லியா பால்கனியில் பிரிட்டிஷ் நிதி மந்திரி

பிரிட்டனுக்கு எத்தனையோ நிதி மந்திரிகள் வந்தார்கள், போனார்கள். ஆனால் அந்த நாட்டின் வரி, பென்ஷன், வேலைநிறுத்தம் மூன்றையும் ஓஸ்லோவில் ஒரு மூன்றாம் மாடி பால்கனியில் நின்றபடி, சாரம் என்கிற லுங்கியும் குளிர்க் கோட்டும் தரித்து, ஒருநாள் கூட லீவு போடாமல் நிர்வாகம் செய்தவர் எங்கள் மந்திரி அண்ணை ஒருவர்தான்.

சொந்தப் பெயர் என்னவோ, தபால்காரருக்குத்தான் தெரியும். ஓஸ்லோவின் புறநகரான எங்கள் ஹொல்ம்லியாவில் அவரை எல்லோரும் மந்திரி என்றுதான் சொல்வார்கள். யாழ்ப்பாணத்துக்காரர். லண்டனுக்குப் போகக் கிளம்பியவரை ஏஜென்ட் ஓஸ்லோவில் இறக்கிவிட்டு, "அடுத்த மாசம் லண்டன்" என்று சொல்லிப் போனானாம். அந்த அடுத்த மாதம் வரவே இல்லை. மந்திரி இங்கேயே அகதியாகி, குடிமகனாகி, நகராட்சிக் கட்டடம் ஒன்றில் துப்புரவுத் தொழிலாளியாகி, பெண்ணைக் கட்டிக் கொடுத்து, மனைவியையும் இழந்துவிட்டார். உடம்புதான் ஓஸ்லோவில் இருந்தது. காதில் எப்போதும் லண்டன் ரேடியோ.

நான் திருச்சிக்காரன், கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவன். அவர் வீட்டுக்கு நேர் மேல் வீடு எனக்கு வாய்த்தது. வந்த முதல் வாரம் லிஃப்டில் பார்த்து மரியாதையாக "வணக்கம் சார்" என்றேன்.

"வணக்கம், ஐசே. பிரிட்டன்ல வருமான வரியைக் கூட்டினது சரியோ, பிழையோ?"

'ஐசே' என்றால் அவர்கள் பேச்சில் 'என்னப்பா' மாதிரி. லிஃப்ட் கதவு இன்னும் மூடக்கூட இல்லை. "எனக்குத் தெரியாதுங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், தமிழ்நாட்டின் கல்வித் தரமே ஒரு படி கீழே இறங்கிவிட்டது.

நார்வேக்காரர்கள் ரயிலில் பேசமாட்டார்கள். பக்கத்து சீட்டில் ஒரு ஆள் வந்து உட்கார்ந்தாலே, ஏதோ துக்கச் செய்தி வந்ததுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்ட காலை ரயிலில் மந்திரி ஏறுவார். "பென்சன் வயசைக் கூட்டினால் கிழவன்மார் ஏணியில ஏறி நிண்டு வேலை செய்யிறதோ? சொல்லும் பாப்பம்!" என்று என்னைக் கேட்பார். சத்தம் அடுத்த பெட்டி வரைக்கும் போகும். தினம் ஒரே பெட்டியில் ஏறும் வழுக்கைத் தலை நார்வேக்காரர் ஒருவர், தமிழ் ஒரு எழுத்துத் தெரியாமலே, "பென்சன்" என்ற சொல் வரும்போதெல்லாம் தலையாட்டப் பழகிவிட்டார்.

ஆனால் ரயிலில் நடந்தது வெறும் ஒத்திகை. நாடகம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு.

எங்கள் கட்டடத்தில் ஞாயிற்றுக்கிழமை சுவரில் ட்ரில் போடக்கூடாது, ஆணி அடிக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. பிரிட்டனின் வரிக்கொள்கை பற்றி அந்த விதியில் ஒரு வார்த்தை கிடையாது. மந்திரி அதைப் பயன்படுத்திக்கொண்டார். பால்கனிக்கு வந்து, போனை ஸ்பீக்கரில் போட்டு, லண்டனிலிருக்கும் தன் தம்பியை அழைப்பார். தம்பி அங்கே ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதி. வீட்டில் அவருக்கு சின்னவன் என்று பெயர். இரண்டு பேருக்கும் தொண்டை ஒரே அச்சு.

"வரியைக் குறைச்சால் ஆஸ்பத்திரிக்குக் காசு எங்கையிருந்து வாறது, அண்ணை?"

"கூட்டினால் சனம் எதைத் தின்னுறது? விசர்க்கதை கதையாதை!"

"நீ நோர்வேயில இருந்துகொண்டு எங்கட வரியைப் பற்றிக் கதையாதை!"

"உனக்கு அறளை பேந்திட்டுதடா, சின்னவன்!"

சண்டை எங்கே சுற்றினாலும் கடைசியில் இந்த வாக்கியத்தில்தான் வந்து முடியும். எங்கள் ஊரில் இல்லாத சொல்லாயிற்றே என்று ஒருநாள் அர்த்தம் கேட்டேன். "வயசு போய் மூளை கலங்கிறது, ஐசே. இவனுக்குப் பிறக்கேக்கையே கலங்கிப் போச்சு" என்றார். சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு.

இதில் ஒரு கூத்து எனக்கு மெதுவாகத்தான் பிடிபட்டது. ஒரு வாரம் வரியைக் குறைக்கச் சொல்லிக் கத்துவார், மறுவாரம் கூட்டச் சொல்லிக் கத்துவார்.

"என்ன அண்ணே, போன வாரம் குறைக்கணும்னுல்ல சொன்னீங்க?"

"அப்ப அவன் கூட்டவேணும் எண்டவன். இப்ப அவன் குறைக்கவேணும் எண்டுறான். நான் என்ன செய்யிறது?"

"அப்ப உங்க கருத்துதான் என்ன?"

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். மந்திரிக்குக் குரலைத் தாழ்த்தத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"ஐசே, நான் 'ஓம்' எண்டு சொன்னால் அவன் 'சரி அண்ணை' எண்டு போனை வைச்சிடுவான். சண்டை பிடிச்சால் ஒரு மணித்தியாலம் நிப்பான். விளங்குதே?"

ஓம் என்றால் அவர்கள் தமிழில் ஆமாம். விளங்கியது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் பால்கனிக் கதவைச் சாத்துவதை நிறுத்திவிட்டோம். இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டு நானும் மனைவியும் பிரிட்டிஷ் பாராளுமன்றம் கேட்போம்.

பிறகு அங்கே ஆஸ்பத்திரிகளில் பென்ஷன், ஆள் பற்றாக்குறை என்று வேலைநிறுத்தம் வந்தது. சின்னவனும் பதாகை பிடித்துத் தெருவில் நின்றார். வழக்கம்போல மந்திரி எதிர்ப்பக்கம் எடுத்தார். அந்த ஞாயிறு மட்டும் கொஞ்சம் அதிகமாகவே எடுத்துவிட்டார்.

"நோயாளியைக் கட்டில்ல விட்டிட்டு றோட்டில நிக்கிறியே, வெக்கமில்லையே உனக்கு? அம்மா இருந்தால் உன்ர முகத்தில முழிச்சிருப்பாவே?"

சின்னவன் இந்தத் தடவை கத்தாமல் சொன்னார்: "அண்ணை, நோயாளியைப் பாக்க உள்ளுக்கை ஆளில்லை எண்டுதான் வெளியில நிக்கிறம். நாங்கள் ரண்டு பேர் நாப்பது பேரைப் பாக்கிறம். அது உனக்கு விளங்காது."

"உனக்கு அறளை பேந்திட்டுதடா!" என்று மந்திரி முடிப்பதற்குள் போன் அறுந்துவிட்டது. அடுத்த ஞாயிறு சின்னவன் எடுக்கவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறு மந்திரி போடவில்லை.

"அவன் எடுக்கட்டும். நான் மூத்தவன்" என்றார்.

"யார் பண்ணினா என்ன அண்ணே, நீங்களே ஒரு போன் பண்ணுங்களேன்."

"நீங்கள் இந்தியாக்காரர் எல்லாத்தையும் பண்ணிப் பண்ணித்தான் வைச்சிருக்கிறியள். நான் பண்ணமாட்டன்."

அவர்கள் தமிழில் போன் 'எடுப்பார்கள்', பண்ணமாட்டார்கள். வீம்பு என்றால் அப்படியொரு வீம்பு. ஒரு கோடை போய், பனி வந்து, மறுபடி கோடை வந்தது. அப்போதுதான் தெய்வம் அவரோடு விளையாடியது. ஓஸ்லோவிலேயே நகராட்சி ஊழியர்கள் வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். இங்கே எல்லோரும் ஒன்றாக வேலையை நிறுத்துவதில்லை. யார் யார் வெளியே நிற்கவேண்டும் என்று தொழிற்சங்கம் பெயர் சொல்லிக் கூப்பிடும். முதல் நாளே மந்திரியைக் கூப்பிட்டுவிட்டது.

என் ஆபீஸ் அவர் வேலை செய்யும் கட்டடத்துக்குப் பக்கத்துத் தெருவில்தான். மத்தியானம் வேடிக்கை பார்க்கப் போனேன். கொடி, கோஷம், போலீஸ் என்று எதையெதையோ எதிர்பார்த்து மந்திரி தொண்டையைத் தீட்டிக்கொண்டு போயிருந்தார். அங்கே மஞ்சள் அங்கி மாட்டிய நாலைந்து பேர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து வாஃபிள் சுட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். நார்வேயில் வாஃபிள் இல்லாமல் புரட்சி கிடையாது. மந்திரி வீட்டிலிருந்து கடலை வடை கொண்டுபோயிருந்தார். வடை போணியாகிவிட்டது. கோஷம் அப்படியே மிஞ்சிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் பார்த்தால், எங்கிருந்தோ ஒரு துடைப்பத்தை எடுத்து வந்து வாசலில் சிந்திக் கிடந்த வாஃபிள் துணுக்குகளைப் பெருக்க ஆரம்பித்துவிட்டார். சங்கத் தலைவி தூரிட் அலறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"நை, நை! நீங்கள் வேலைநிறுத்தத்தில் இருக்கிறீர்கள்! பெருக்குவதுதான் உங்கள் வேலை!"

"இது வேலை இல்லை, பழக்கம்" என்று தன் நார்வேஜிய மொழியில் வாதாடினார் மந்திரி. தூரிட் ஒரு பக்கம் இழுக்க, அவர் ஒரு பக்கம் இழுக்க, கடைசியில் துடைப்பம் சங்கத்தின் வசமாகியது. தூரிட்டே பெருக்கினாள். நல்ல பெண்தான், ஆனால் பெருக்கத் தெரியவில்லை. மந்திரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "மூலை... மூலையைப் பார் பிள்ளை..." என்று தமிழில் முனகிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை.

சாயங்காலம் ரயிலில் அவர் பேசவே இல்லை. வழுக்கைத் தலைக்காரர் கவலையோடு இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். ஹொல்ம்லியா நெருங்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"ஐசே, ஒரு வாசல் ஊத்தையாய்க் கிடக்கிறதைப் பாத்துக்கொண்டு என்னால சும்மா இருக்கேலாமல் போச்சு. அவன் உள்ளுக்கை நோயாளியை விட்டிட்டு வெளியில எப்பிடி நிண்டிருப்பான்? நெஞ்சு வெடிச்சிருக்குமே. நான் போய் வெக்கமில்லையோ எண்டு கேட்டனான்."

"இப்பவே போன் போடுங்க அண்ணே. இதையே சொல்லுங்க."

போனைக் கையில் எடுத்தார். பார்த்தார். திரும்பப் பையில் வைத்தார். "ஞாயிற்றுக்கிழமை எடுப்பம்" என்றார். அந்த ஞாயிறு எடுக்கவில்லை. எத்தனையோ ஞாயிறுகள் எடுக்கவில்லை. நானும் நச்சரித்துப் பார்த்து ஓய்ந்துவிட்டேன். சின்னவன் எங்கே போய்விடப் போகிறார் என்றுதான் அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

கடைசியில் போன் லண்டனிலிருந்துதான் வந்தது. பேசியது சின்னவனின் மனைவி. "அத்தான், இவர் வேலையால நிண்டிட்டார். கொஞ்ச நாளாய் ஆக்களை மட்டுக்கட்டுறார் இல்லை. ஒருக்கா வந்து பாத்திட்டுப் போங்கோ." வேலையை விட்டுவிட்டார், ஆட்களை அடையாளம் தெரியவில்லை என்று அர்த்தம். மறுநாள் விமானத்தில் மந்திரி கிளம்பிவிட்டார்.

திரும்பி வந்தவரை லிஃப்டில் பார்த்தேன். தானே சொன்னார்.

"என்னை மட்டுக்கட்டினவன், ஐசே. 'அண்ணை' எண்டு கையைப் பிடிச்சவன். நான் பக்கத்தில இருந்து, வரியைக் கூட்டவேணும் எண்டன். 'ஓம் அண்ணை' எண்டான். குறைக்கவேணும் எண்டன். அதுக்கும் 'ஓம் அண்ணை'. நீங்கள் றோட்டில நிண்டது சரிதானடா, நான்தான் பிழை எண்டு சொன்னன். அதுக்கும் ஒரே 'ஓம்'தான். சிரிச்சுக்கொண்டிருக்கிறான். எந்தப் பென்சனுக்காக றோட்டில நிண்டானோ அது மாசாமாசம் வருது. என்ன காசு எண்டே அவனுக்குத் தெரியாது."

லிஃப்ட் மூன்றாம் மாடியில் நின்றது. அவர் இறங்கவில்லை.

"நான்தானே ஒவ்வொரு கிழமையும் அந்தச் சொல்லைச் சொன்னனான்" என்றார். அதெல்லாம் ஒன்றுமில்லை அண்ணே, சொல்லால் யாருக்கும் நோய் வராது என்று ஏதோ உளறினேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ரயிலில் மந்திரியும் மற்றவர்களைப் போல ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கீழ் பால்கனியில் சத்தமே இல்லை. நாலைந்து வாரம் பொறுத்துப் பார்த்த என் மனைவி, இட்லித் தட்டை என் முன்னால் டொக்கென்று வைத்தாள்.

"போய் அந்த மனுஷன்கிட்ட ஒரு சண்டை போடுங்க. பாவமா இருக்கு."

"எனக்கு அந்த ஊரு வரியைப் பத்தி என்னடி தெரியும்?"

"தெரிஞ்சாத்தான் சண்டை போடணுமா? எங்கிட்ட எப்படிப் போடுறீங்க?"

நியாயமான கேள்வி. பால்கனிக் கம்பியில் சாய்ந்து, கீழே பார்த்து, ஞாயிற்றுக்கிழமை அமைதி கெடும்படி கத்தினேன்: "அண்ணே! இந்த இங்கிலாந்து நர்ஸுங்களுக்குப் பென்ஷனே கொடுக்கக்கூடாதுங்கறேன்! வேலையை விட்டுட்டுத் தெருவுல நின்னாங்கல்ல?"

கீழே கதவு படாரென்று திறந்தது. சாரத்தோடு மந்திரி வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.

"ஆர் சொன்னது? என்ன தெரியும் உமக்கு? நோயாளியைப் பாக்க உள்ளுக்கை ஆளில்லை எண்டுதானடாப்பா வெளியில நிண்டவங்கள்! ரண்டு பேர் நாப்பது பேரைப் பாத்தவங்கள்! கைகால் விறைக்க விறைக்க நிண்டவங்கள்! அவங்களுக்குக் குடுக்காமல் வேற ஆருக்குக் குடுக்கிறது?"

"அதெல்லாம் சும்மா அண்ணே! நான் ஒத்துக்கமாட்டேன்!"

"உமக்கு அறளை..."

நின்றுவிட்டார். வாய் திறந்தபடியே இருந்தது. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"உமக்கு ஒண்டும் தெரியாது, ஐசே" என்றார், மெதுவாக. "கீழ வாரும். தேத்தண்ணி போடுறன். இருந்து கதைப்பம்."

இப்போது மந்திரி ஓய்வு பெற்று, பக்கத்து ஊரான திராமனில் மகள் வீட்டில் இருக்கிறார். கீழ் வீட்டுக்கு ஒரு நார்வேத் தம்பதி வந்திருக்கிறார்கள். பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள், மூச்சு விடுவது கூடக் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை முதலில் மந்திரி லண்டனுக்குப் பேசிவிடுவார். அது சீக்கிரமே முடிந்துவிடும். பத்து மணிக்கு நான் திராமனுக்குப் போன் போடுகிறேன். வரி பற்றி எனக்கு இன்றைக்கும் ஒன்றும் தெரியாது. அவர் பேசுவதில் பாதி சரியாகத்தான் படுகிறது. ஆனாலும் மறந்தும் ஓம் என்று மட்டும் சொல்லிவிடுவதில்லை.