குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு

இதை எனக்கு முதலில் சொன்னது தாயாரம்மாள். இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், ஆடி இரண்டாவது வெள்ளி, சிட்லபாக்கத்து அம்மன் கோயிலில் விளக்கு பூஜை முடிந்து நாங்கள் சுண்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சொன்னாள். பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் அவள் ஆயா. கோயிலில் வைத்துச் சொன்னதால் நானும் நம்பினேன்.

அந்த வருஷம் எங்கள் பக்கமெல்லாம் ஐ.எஸ்.ஓ. தரச் சான்றிதழ் மோகம். மாவு மில்லில்கூடச் சான்றிதழுக்குச் சட்டம் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிப் பூ வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் மட்டும் சும்மா இருக்குமா? "இனி இவ்வளாகத்தில் அளவின்றி யாதொன்றும் நிகழாது" என்று தாளாளர் சுந்தரராமன் சார் சுற்றறிக்கை விட்டார். சாக்பீஸை அளந்தார்கள். தாயாரம்மாளின் துடைப்பத்தையும் அளந்து எழுதிக்கொண்டார்கள். கடைசியில், பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் மாத்திரையை மதியம் எடுத்துக் கொடுக்கிற வேலை வந்தது.

அதற்கு "மாத்திரை வழங்கல் குழு" அமைத்தார்கள். குழு என்றால் ஒரே ஆள்தான், தமிழாசிரியர் பொன்னுசாமி ஐயா. காரணம், மாத்திரை அவர் பாடத்தில்தான் வருகிறது.

"எடை பார்த்துக் கொடுக்கலாமே சார்?" என்று தாளாளரிடம் கேட்டார் ஐயா.

"எடை மெஷினைத் தொடக்கூடாது. அது சரியா காட்டுதுன்னு இன்னும் சான்றிதழ் வரலை."

"அப்போ உயரம்?"

"அது பரவாயில்லை. சுவருக்குச் சான்றிதழ் கேட்கலை."

ஐயா கொஞ்சம் யோசித்தார். "உயரம்னா விதி ஏற்கெனவே இருக்கு சார். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு ரெண்டு."

"யார் போட்ட விதி?"

"ரெண்டாயிரம் வருஷமா நடைமுறையில இருக்கு."

"பிரமாதம்! ஐ.எஸ்.ஓ. பொறக்கறதுக்கு முன்னாடியே ஸ்டாண்டர்டு! அப்போ எல்.கே.ஜி. பசங்க?"

"அதெல்லாம் ஒற்று. அரை மாத்திரை."

"வலி தாங்காம அழுது இழுத்தா?"

"அது அளபெடை சார். மூணு."

அன்றைக்கே சுவரில் ஐந்தடி உயரத்தில் சிவப்புக் கோடு போட்டார்கள். கோட்டுக்கு மேல் நெடில், கீழ் குறில்.

எட்டாம் வகுப்பு தேவதர்ஷினிக்குப் பதிமூன்று வயசு. முருங்கைக்காய் மாதிரி உயரம், அதே பருமன். கோகோ விளையாடிக் கையை முறித்துக்கொண்டு கட்டோடு வந்திருந்தாள். அவள் அப்பா சம்பத்துக்கு மறைமலை நகரில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. ஷிப்டுக்குப் போகிற அவசரத்தில் கேட்டிலேயே மாத்திரை அட்டையையும் டாக்டர் சீட்டையும் தாயாரம்மாளிடம் கொடுத்தார்.

"ரெண்டு மருந்து ஒண்ணா சேர்ந்த பலமான மாத்திரைம்மா. இவ எடையைப் பார்த்து எழுதியிருக்காங்க. சாப்பிட்ட பிறகு ஒண்ணே ஒண்ணு. காய்ச்சல் மாத்திரை தனியா எதுவும் குடுத்துடாதீங்க, அந்த மருந்து இதுக்குள்ளயே இருக்காம். தூங்கித் தூங்கி விழுந்தா அடுத்த மாத்திரை கிடையாது, உடனே டாக்டருக்குப் போன் பண்ணணும்."

தாயாரம்மாள் அட்டையை ஐயாவிடமும் சீட்டை ஆபீசிலும் கொடுத்தாள். "பெறப்பட்டது" என்று முத்திரை குத்தி, பைலில் கோத்து, பைலை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

மதியம் சாப்பாடு ஆனதும் ஐயா பெண்ணைச் சுவரோரம் நிற்க வைத்தார். தலை கோட்டைத் தாண்டியது. "நெடில். ரெண்டு" என்றார். கை வலியில் அது விசும்பி விசும்பி அழ ஆரம்பித்தது.

"அளபெடுக்குதே" என்று மூன்றாவதையும் பிதுக்கி உள்ளங்கையில் வைத்தார்.

தாயாரம்மாள் குறுக்கே வந்து நின்றாள். "சார், டாக்டரு ஒண்ணுதான் எழ்தி குட்த்துக்கிறாரு."

"சீட்டு எங்கே?"

"பைல்ல கீது."

"பைலை இனிமே சான்றிதழுக்கு வர்ற ஆடிட்டர்தான் திறக்கணும்."

"காலீல கை வலில மாடிப்படி ஏற முடியாம நின்னுச்சு, நான்தான் தூக்கினேன். ஃபுல் சிலிண்டர் வெயிட்டுகூட தேறாது சார் இது! மூணு துன்னா மூச்சு இன்னா ஆவறது?"

"உணர்ச்சிவசப்படாதீங்க ஆயா. கோடு என்ன சொல்லுதுன்னு பாருங்க."

தாயாரம்மாள் கோட்டைப் பார்த்தாள். முந்தானையால் பெண்ணின் முகத்தைத் துடைத்தாள். "அயாத கண்ணு. அப்டியே செவுத்துல சாஞ்சி கீய குந்து."

பெண் உட்கார்ந்தது. சிவப்புக் கோடு எங்கேயோ மேலே நின்றது.

"இப்ப சொல்லு சார். இன்னா எழுத்து?"

ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுற்றறிக்கையை இரண்டு தடவை படித்தார். நின்றபடிதான் அளக்க வேண்டும் என்று எங்கேயும் போடவில்லை. "குறில்தான்" என்று ஒப்புக்கொண்டார்.

"அயுவுதா?"

"இல்லை."

"அப்ப ஒண்ணு குடு."

ஒன்று கொடுத்தார். "நெடில் குறிலாய்க் குறுகியது" என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். இவ்வளவு துல்லியமான பதிவைத் தன் அனுபவத்தில் கண்டதில்லை என்று ஆடிட்டர் பாராட்டினாராம். பள்ளிக்கூடத்துக்குச் சான்றிதழ் வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் பைலைத் திறந்தார்கள்.

கோயிலில் நாங்கள் சுண்டல் சிதறச் சிதறச் சிரித்தோம். "உயரத்தைப் பார்த்தா மருந்து கொடுப்பார் ஒரு மனுஷர்!" என்று நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னேன்.

தாயாரம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீ இன்னாத்த பாத்து குட்த்தேக்கா, உம் புள்ளைக்கு?"

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பெரியவனுக்குப் பதினைந்து வயசில் பல் பிடுங்கினார்கள். ராத்திரி வலியில் துடித்தான். என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டானே என்று, அவன் அப்பா முதுகுவலிக்கு வாங்கி மிச்சம் வைத்திருந்த மாத்திரையில் ஒன்றை முழுசாகக் கொடுத்தேன். உடம்பு சுடுகிற மாதிரி இருந்ததால் காய்ச்சல் மாத்திரையும் ஒன்று. மறுநாள் சாயங்காலம் வரை எழுப்ப எழுப்ப அவன் எழுந்திருக்கவில்லை. பிள்ளை வலி மறந்து தூங்குகிறான் என்று அம்மனுக்குச் சூடம் ஏற்றிவிட்டு வந்தேன். அது தூக்கமில்லை, மருந்து மயக்கம் என்று இப்போதுதான் உறைத்தது; அந்த அம்மன்தான் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறாள்.

இதை அங்கேயே வாய்விட்டுச் சொன்னேன். யாரும் என்னைத் திட்டவில்லை. சுற்றியிருந்த தாய்மார்கள் ஒவ்வொருவராகச் சுண்டலைக் கீழே வைத்தார்கள்.

உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேலேயும் அப்படி ஒரு மிச்ச அட்டை கிடக்கும். எழுந்து போய் அதை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வாருங்களேன்.