டோக்கன் அக்காவும் சுவரிலிருந்த சீமாட்டியும்

பல் வலியை மருந்தே இல்லாமல் மறக்கடித்த ஒரே ஆள் உலகத்தில் யாரென்று கேட்டால், திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பக்கத்துப் பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் அக்காவைத்தான் சொல்வேன். பெயர் யாருக்கும் தெரியாது. டோக்கன் அக்கா, அவ்வளவுதான்.

நாங்கள் காத்திருக்கும் அறையின் சுவரில் ஒரு பெரிய ஓவியம். வெளிர்நீலப் பட்டு கவுனில் ஒரு சீமாட்டி. கழுத்தில் முத்துமாலை, மடியில் குட்டி நாய், காலடியில் உயரமாய் இன்னொரு நாய். வீங்கிய கன்னத்தோடு நான் முதல்முறை போனபோது அக்கா படத்தைக் காட்டினார்.

"அந்தம்மா இன்னாத்துக்கு வாயத் தொறந்து சிரிக்கல, சொல்லு சார்? கடவாப் பல்லு! பெரிய நாய்க்குத் தெரிஞ்சிட்ச்சு. அதான் மூஞ்சியவே பாத்துகினு கீது."

அடுத்த வாரம் கதை மாறிவிட்டது. சீமாட்டி ஊருக்குக் கிளம்புகிறாளாம். மடியிலிருக்கும் நாய் விடமாட்டேன் என்கிறதாம். ஆவடியிலிருந்து வந்திருந்த ரிட்டயர்டு மிலிட்டரிக்காரர் ஒருவர், "இல்லம்மா, வேட்டைக்குப் போறாங்க. அது வேட்டை நாய்" என்றார்.

"முத்துமாலை மாட்டிகினு யாரு சார் வேட்டைக்குப் போவாங்க?"

அறை இரண்டு கட்சியாகப் பிரிந்தது. டாக்டர் உள்ளிருந்து மணியடித்துப் பார்த்தார், ஒருவரும் எழவில்லை. கடைசியில் அவரே வந்து படத்தைக் கழற்றினார்.

"இனிமே கதை சத்தம் கேட்டுச்சுன்னா வேற ஆளப் பாத்துக்குவேன்க்கா."

மறுமுறை போனபோது அறை கப்சிப். படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும். உள்ளே மிஷின் சத்தம் கேட்டதும், பல் பிடுங்க வந்த ஒரு பெண் அழுதபடி வாசலுக்கு நடந்தாள். அக்கா டாக்டரின் கதவை ஒருமுறை பார்த்தார். பிறகு அவள் கையைப் பிடித்து உட்காரவைத்து, வெறும் சுவரைக் காட்டினார்.

"இங்க ஒரு அம்மா இருந்தாங்க. இப்ப நாய்ங்களக் கூட்டிகினு ஏரிக்கரைக்கு வாக்கிங் போயிருக்காங்க. சின்னது தண்ணியப் பாத்து பயப்படுது. பெருசு முன்னால போவுது. அந்தம்மா கவுனைத் தூக்கிப் புடிச்சிகினு, மெள்ள மெள்ள…"

அறையே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மின்விசிறிக் காற்று ஏரிக்காற்றாகிவிட்டது. அம்பத்தூர் ஏரிக்கரையில் நீலப்பட்டு படபடப்பதை நான் சத்தியமாகப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் அழுகை எப்போது நின்றதென்று தெரியவில்லை.

டாக்டர் கதவருகே நின்றிருந்தார். அக்காவின் வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"எப்ப திரும்பி வருவாங்க?" என்று கேட்டார் அவர், மெதுவாக.

"நீங்க மாட்டுனா வந்துருவாங்க சார்."

வந்துவிட்டாள், நாய்களோடு.

போன மாதம் அந்தப் பக்கம் போனவன் உள்ளே எட்டிப் பார்த்தேன்.

"இன்னா சார், பல்லா?"

"இல்லக்கா. சும்மாதான்."

அக்கா பக்கத்து நாற்காலியிலிருந்த தன் பையை எடுத்துக் கீழே வைத்தார்.