அரக்கு இலாகா வாத்து

ஒரு கடிதத்தை மடித்து, அரக்கை உருக்கி ஊற்றி, முத்திரை குத்துவது எளிய காரியம் என்று லண்டனில் பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். அரசாங்கம் அப்படி நம்பவில்லை. அதனால்தான் முத்திரை அரக்கு இலாகா ஏற்பட்டது. ஓர் ஆணையர், ஐந்து துணை ஆணையர்கள், அவர்களுக்குக் கீழே முப்பது குமாஸ்தாக்கள். நகரத்தில் கடை வைத்திருக்கும் எவரும், தம் அரக்கின் சிவப்பு போதிய சிவப்புதான் என்று இந்த இலாகாவில் சான்று பெற வேண்டும். சான்றுக்கு மனு எழுத வேண்டும். மனுவை உறையிலிட்டு அரக்கு வைத்துத் தர வேண்டும். சான்று பெறாத அரக்கு வைத்த மனுவை இலாகா ஏற்காது.

நான் வேலை பார்த்தது தபித்தா லட்குரோவ் அம்மாளின் அச்சுக்கடையில். கேலிப்படக் கடை. பார்னபி க்ரூ படத்தைச் செப்புத் தகட்டில் செதுக்குவான். அச்சானதும் நாங்கள் நான்கு பெண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு நிறம் பூசுவோம். பிறகு அது தெருவைப் பார்த்த சன்னலில் தொங்கும். என் பெயர் கெசியா. எனக்கு மஞ்சள்.

அரக்குச் சான்று வாங்கி வர அம்மாள் க்ரூவை இலாகாவுக்கு அனுப்பினாள். ஒன்பது நாள் தாழ்வாரத்தில் நின்றான். பத்தாம் நாள் சான்று இல்லாமல் ஒரு படத்தோடு வந்தான்.

படத்தில் ஒரு கொழுத்த வாத்து, டோப்பா வைத்துக்கொண்டு, உயரமான நாற்காலியில் உட்கார்ந்து முட்டையிட்டுக்கொண்டிருந்தது. இட்ட முட்டை ஒவ்வொன்றின்மேலும் அதுவே முத்திரை குத்தியது. அடியில் ஒரே வரி: ‘தகுந்த பரிசீலனைக்குப் பின்.’

அம்மாள் ஒருமுறை பார்த்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அச்சுல போடு. வர்றது வரட்டும்” என்றாள்.

மறுநாள் எங்கள் சன்னல் முன்னால் வண்டி போக வழியில்லை. மூன்றாம் நாள் சம்மன் வந்தது. கடைக்காரி, செதுக்கியவன், ‘மேற்படி வாத்தின் அலகுக்கு மஞ்சள் பூசிய நபர்’ ஆகிய மூவரும் அவதூறு விசாரணைக்கு ஆஜராக வேண்டும்.

அது விளையாட்டில்லை. முந்தின வருடம் பக்கத்துச் சந்து அச்சுக்கடைக்காரர் ஒருவர் இதே மாதிரி ஒரு படத்துக்காக இரண்டு வருடத் தண்டனை பெற்று, எட்டே மாதத்தில் சவப்பெட்டியில் வெளியே வந்தார். அன்று பூசிய மஞ்சள் எல்லாம் கோட்டைத் தாண்டிப் போயிற்று.

இலாகாவின் பெரிய அறையில் ஆணையர் சர் ஆம்ப்ரோஸ் திர்க்கெல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மூத்த துணை ஆணையர் ஹம்ஃப்ரி வேட். அந்த இலாகாவில் பதவியை டோப்பாவில் படிக்கலாம்: ஆணையருக்குப் பக்கத்துக்கு மூன்று சுருள், துணை ஆணையருக்கு இரண்டு, குமாஸ்தாவுக்கு ஒன்று. க்ரூ வரைந்த வாத்துக்கு எத்தனை என்று சொல்ல முடியாது. காது இருக்கவேண்டிய இடத்தில் செருகியிருந்த பேனா, சுருளை மறைத்துவிட்டது.

“இந்த வாத்து யாரு?” என்றார் சர் ஆம்ப்ரோஸ்.

“நீங்களே சொல்லுங்க பிரபு. பார்த்தா யாரு மாதிரி தெரியுது?” என்றான் க்ரூ.

அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. வேட் சட்டப் புத்தகத்தைப் புரட்டிக் கனைத்தார். “ஒரு சிக்கல் பிரபு. அவதூறுக்கு ஆளானவர் தாமே வந்து, ‘அது நான்தான்’னு சத்தியம் பண்ணி எழுதிக் கொடுக்கணும். இல்லாட்டி வழக்கு நிக்காது.”

“அவ்வளவுதானே? நீர் எழுதிக் கொடும்.”

“நானா? வாத்து உசந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கு பிரபு. அது உங்க நாற்காலி. அதுல நான் எப்படி உட்கார முடியும்?”

“நடை அப்படியே உம்ம நடைதான், வேட்.”

“வாத்து உட்கார்ந்திருக்கு பிரபு. நடக்கலை.”

“உட்கார்ந்திருக்கிற தோரணையிலயே நடை தெரியுது!”

மற்ற நான்கு துணை ஆணையர்களையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஒருவருக்குத் தொப்பை பொருந்தவில்லையாம். இன்னொருவர் தாம் பணியில் சேர்ந்து ஆறு வருடத்தில் எதுவும் இட்டதில்லை என்றார். அதைக் கோப்புகளும் உறுதிப்படுத்தின. வாத்து கிடைக்காததால் விசாரணை பதினான்கு நாள் ஒத்திவைக்கப்பட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாள் கம்பளித் துணி எடுத்து உள்பாவாடை தைக்க உட்கார்ந்தாள். “எதுக்கும்மா?” என்றேன். “சிறைக்குள்ள குளிர் எலும்பைத் தின்னுமாம்டி. உனக்கும் ஒண்ணு தைக்கிறேன், அளவு சொல்லு” என்றாள். கண்ணை மட்டும் நிமிர்த்தவில்லை. க்ரூ மூலையில் உட்கார்ந்து செதுக்குளியைத் தீட்டிக்கொண்டே இருந்தான். தீட்ட வேண்டிய அவசியமே அதற்கு இல்லை.

ஐந்தாம் நாள் ஸ்டூக்லி சீமாட்டியின் வண்டி வாசலில் நின்றது. லண்டனில் யார் பெரிய மனிதர் என்பதை அந்தச் சீமாட்டியின் சாப்பாட்டு மேசைதான் தீர்மானித்தது. அந்தப் பருவத்து நாகரிகப்படி தலையில் செருகும் இறகுகள் மூன்றடி உயர்ந்திருந்ததால், அவர் முழங்காலை மடக்கித் தவளைபோல எங்கள் கடைக்குள் வந்தார்.

“இந்த வாத்து யாரு?”

“தெரியலை சீமாட்டி. விசாரிச்சுக்கிட்டிருக்காங்க” என்றாள் அம்மாள்.

“சீக்கிரம் விசாரிக்கச் சொல்லு. என் வீட்டுக்கு வர்ற எல்லாருமே ஏதாவது ஒரு படத்துல இருக்காங்க. ஒரு மந்திரி பூசணிக்காயா இருக்கார். ஒரு பிஷப் பீப்பாயா இருக்கார். படத்துல வராத ஆளெல்லாம் ஒரு ஆளா? விசாரணை முடிஞ்சு வர்ற வியாழக்கிழமை விருந்துக்கு இந்த வாத்து வந்தே ஆகணும்.”

வாத்தின் முகவரி தெரியாததால், அழைப்பிதழை ‘வாத்து அவர்கள், முத்திரை அரக்கு இலாகா’ என்று எழுதி அனுப்பினார்.

மறுநாள் காலை பத்து மணிக்குள் ‘மேற்படி வாத்து நானேதான்’ என்று ஆறு சத்திய வாக்குமூலங்கள் பதிவாகின. எதுவும் இட்டதில்லை என்றவரும் எழுதியிருந்தார். ஒருமுறை இட்டதாக இப்போது நினைவு வந்ததாம். அந்த வாரமே சீமாட்டிகளின் தலையில் தீக்கோழி இறகு போய் வாத்து இறகு ஏறியது.

எங்கள் ஆபத்து ஆறு மடங்கானது என்று நான் அழுதேன். ஆனால் வாக்குமூலங்கள் பதிவான அன்றே நண்பகலில் சர் ஆம்ப்ரோஸ் பின்வாசல் வழியாக வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“தம்பி க்ரூ, வழக்கை நான் பெரிசா நடத்த மாட்டேன். மன்னிச்சுட்டேன்னு சொல்லிடறேன். ‘வாத்து நீங்கதான்’னு ஒரு வார்த்தை சொல்லிடு, போதும். வீட்டுல சம்சாரம் ஊரெல்லாம் சொல்லி வச்சுட்டா.”

அவர் பின்வாசலில் இறங்கவும் வேட் முன்வாசலில் ஏறவும் சரியாக இருந்தது. அவரும் மன்னிக்கத் தயாராக வந்திருந்தார். “நடையைப் பாருப்பா” என்று கடைக்குள் இரண்டு தரம் நடந்தும் காட்டினார். ஒத்துப்போயிற்று என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

“ஒருத்தர் பேரைச் சொன்னா மீதி அஞ்சு பேரும் நம்மளைக் கடிச்சுத் துப்பிடுவாங்க. என்ன பண்ணப் போறே?” என்றாள் அம்மாள்.

“உண்மையைச் சொல்லிடறேம்மா.”

“படம் போடற உனக்கு அதெல்லாம் பழக்கமில்லையேடா” என்றாள் அம்மாள், பயந்துபோய்.

பதினான்காம் நாள் ஆறு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆறு பேர் காதிலும் பேனா. சுருளை எண்ணவே முடியவில்லை. க்ரூ வேதப் புத்தகத்தின்மேல் கை வைத்தான்.

“யாரைப் பார்த்து வரைஞ்சே?” என்றார் சர் ஆம்ப்ரோஸ்.

“தாழ்வாரத்துச் சன்னலுக்கு எதிர்ல ஒரு கோழிக்கடை இருக்கு பிரபு. அதோட வாசல்ல ஒரு வாத்தைக் கட்டிப் போட்டிருந்தாங்க. ஒன்பது நாளும் அதைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். வாத்தைப் பார்த்துத்தான் வாத்தை வரைஞ்சேன்.”

“அப்ப, மனுஷன் யாரும்...?”

“சத்தியமா இல்லை. அந்த ஒன்பது நாளும் நாற்காலியில மனுஷங்க யாரையும் நான் பார்க்கலையே.”

“அந்த வாத்து இப்ப எங்கே? வந்து சாட்சி சொல்லுமா?”

“ஊரே வாத்து வறுத்துத் தின்கிற மிக்கேல் சம்மனசு திருநாள் முடிஞ்சுபோச்சே பிரபு. எந்த வீட்டுத் தட்டுல வறுவலா போச்சோ.”

ஆறு பேரும் தம்மை அறியாமல் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

வேட்தான் முதலில் வெளிறிப்போனார். “பிரபு, வாத்து வாத்துதான்னா நாம ஆறு பேரும் பொய்ச் சத்தியம் பண்ணியிருக்கோம். அதுக்குச் சிறை.”

எனக்குச் சற்று நிம்மதியாக இருந்தது. உள்ளே போனாலும் பெரிய மனிதர்களின் துணை இருக்கும்.

சர் ஆம்ப்ரோஸ் வெகுநேரம் கூரையைப் பார்த்தார். அவர் சிந்திப்பதை இலாகா அதற்கு முன் கண்டதில்லை. குமாஸ்தாக்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு அவர் தீர்ப்பை வாசித்தார். வாத்து என்பது ஓர் ஆள் அல்ல, அது ஒரு பதவி. அப்பதவியில் இருந்த பறவை காலமாகிவிட்டபடியால் இடம் காலியாக உள்ளது. அதை இலாகாவின் ஆறு அதிகாரிகளும் வாரத்துக்கு ஒருவராகச் சுழற்சி முறையில் வகிப்பார்கள். ஆகவே ஆறு சத்தியங்களும் உண்மையே. வழக்கு தள்ளுபடி.

அம்மாள் என் கையைப் பிடித்து நொறுக்கிவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. நாங்கள் எழுந்து வாசல்வரை வந்துவிட்டோம்.

“இருங்க” என்றார் சர் ஆம்ப்ரோஸ். “வாத்து இனிமே அரசாங்கப் பதவி. அதைக் கண்ட கண்ட ஆளும் கேலி பண்ண முடியாது. கேலிப்படம் எல்லாத்துக்கும் இங்க அனுமதி வாங்கணும். அதுக்கு ஒரு பிரிவு ஆரம்பிக்கிறோம். அதுக்குத் தலைவரா, விஷயம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வேணும். க்ரூ, நீ வர்றியா?”

நான் க்ரூவைப் பார்த்தேன். இந்த ஊரில் எவனுக்கும் தலை வணங்காதவன். ஒரு கோமகனை நத்தையாக வரைந்துவிட்டு அவர் வீட்டு வாசல் வழியாகவே நடந்து போனவன். காறித் துப்பப் போகிறான் என்று ஒதுங்கி நின்றேன்.

“டோப்பா உண்டா?” என்றான் க்ரூ.

“பக்கத்துக்கு ரெண்டு சுருள்.”

“எப்ப வரணும்?”

அம்மாள் அவனைத் திட்டிய திட்டு எதையும் இங்கே எழுத முடியாது. ஆனால் தலைவருக்குக் கீழே ஆலோசகர் ஒருவர் தேவை என்று தெரிந்ததும், அந்தப் பொறுப்பைத் தகாத ஆளிடம் விட்டுவிடக் கூடாது என்று ஏற்றுக்கொண்டாள். நானா? நான் வண்ணப் பிரிவில் மஞ்சளுக்கான உதவி ஆய்வாளர். எனக்கும் ஒரு சுருள் உண்டு. முதலில் அரித்தது. இப்போது கழற்றினால்தான் தலை கனக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை நார்விச் ஊர்க்காரர் ஒருவர் தம் படத்தை அனுமதிக்குக் கொண்டுவந்து வைத்தார். நாங்கள் மூவரும் குனிந்து பார்த்தோம். க்ரூ முதலில் சிரித்தான். டோப்பா நழுவி மைக்கூட்டில் விழுந்தது. அம்மாள் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். எனக்கு விலா வலித்து மூச்சு முட்டியது. இவ்வளவு நல்ல படத்தை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. நார்விச்காரர் கூச்சத்தோடு தாமும் சிரித்துக்கொண்டு நின்றார்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டோம். க்ரூ டோப்பாவைச் சரி செய்துகொண்டு பேனாவை எடுத்தான். ‘படம் சிரிப்பூட்டுவதாக மூன்று அதிகாரிகளாலும் நேரில் உறுதி செய்யப்பட்டபடியால், அனுமதி மறுக்கப்படுகிறது’ என்று எழுதினான். நாங்கள் மூவரும் கையெழுத்திட்டோம்.