குல்லா பாயின் ஐந்தாம் வகுப்பு இங்கிலீஷ்

கொடைக்கானலில் படிக்காததால் இங்கிலீஷ் பேச முடியாமல் போனவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். படித்ததால் பேச முடியாமல் போன ஒரே மனிதர் எங்கள் குல்லா பாய்தான்.

ஏரிக்கரை ரோட்டில் அவருக்கு ஒரு ஸ்வெட்டர் கடை. கடை என்றால் நாலு இரும்புக் குழாய், மேலே ஒரு நீலத் தார்ப்பாய், குறுக்கே கட்டிய கயிறுகளில் ஸ்வெட்டர், சால்வை, கையுறை, குரங்குக் குல்லா. அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. ஊருக்கெல்லாம் குல்லா விற்ற அந்த மனிதர், பனி கொட்டும் காலையிலும் வெறுந்தலையோடுதான் உட்கார்ந்திருப்பார். கேட்டால், "நானே எடுத்துப் போட்டுக்கிட்டா, சரக்கு விக்காமக் கெடக்குன்னு நினைப்பாங்கடா" என்பார்.

அவர் பேசிய இங்கிலீஷை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். "கம் மேடம் கம்! லுக்கிங் ஃப்ரீ, டச்சிங் ஃப்ரீ, கோல்டு ஒன்லி நாட் ஃப்ரீ!" என்று ஆரம்பித்தால் குதிரைக்காரர்கள்கூடக் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்பார்கள். ஒருநாள் அரைக்கால் சட்டையோடு ஒரு வெள்ளைக்காரர் போனார். "சார்! யுவர் நீ இஸ் கிரையிங் சார்!" என்றார் பாய். அவர் குனிந்து தன் முழங்காலைப் பார்த்தார். சிரித்தார். இரண்டு குல்லா, ஒரு சால்வை வாங்கிக்கொண்டு போனார். முழங்காலுக்கு மட்டும் எதுவும் வாங்கவில்லை.

நான் அவரிடம் சேர்ந்தது ஒரு டிசம்பரில். அதற்கு முன் பாச்சலூரில் காபிப் பழம் பறித்தேன். அதற்கு முன் திருப்பூரில் சாயப்பட்டறை. அதற்கும் முன் என்ன என்று நானே கொஞ்சம் யோசிக்க வேண்டும். சௌசௌ ஏற்றிய ஜீப்பில் மூட்டைமேல் உட்கார்ந்து மேலே வந்தேன். செண்பகனூரில் மூன்று பேரோடு ஒரு தகரக் கூரை அறை கிடைத்தது. ஒழுகும் மூலை கடைசியாக வந்தவனுக்கு என்பது அங்கே சட்டம். அதனால் அது எனக்கு.

படிப்பு என்று பார்த்தால் நான்காம் வகுப்பு பாதி. வீட்டோடு செங்கல் சூளைக்குப் போனோம். திரும்பி வந்தபோது பள்ளிக்கூடத்தில் என் பெயர் இல்லை. ஆகவே ஐந்தாம் வகுப்பு இங்கிலீஷில் என்னதான் இருக்கும் என்பது எனக்கு முப்பது வயதுவரை தெரியாது. குல்லா பாய் மூலம் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டேன் என்று சொல்வதைவிட, தெளிவாகக் குழம்பினேன் என்று சொல்லலாம்.

விஷயம் இதுதான். பாய்க்கு ஒரே மகள், நஸ்ரின். பஜாருக்குப் பின்னால் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. அதற்கு மேல் அங்கே வகுப்பு கிடையாது. மலைச்சரிவில் உள்ள பெரிய பள்ளிக்கூடத்தில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கென்று கொஞ்சம் இடம் ஒதுக்குவார்கள். அதற்கு மனுப் போட்டிருந்தார்கள். பாய் வீட்டம்மாவை நாங்கள் பாயம்மா என்போம். அவர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

"அங்க கெடைச்சா இங்கன இருக்கட்டும். கெடைக்கலேன்னா பழனியில எங்க அண்ணன் வீட்டுல விட்டுருவேன். அங்க நல்ல பள்ளிக்கூடம் இருக்கு. நீங்க மாசத்துக்கு ஒருக்காப் போய்ப் பாத்துக்கங்க."

பாய்க்குச் சோறு இறங்கவில்லை. மகள் பள்ளிக்கூடம் விட்டுக் கடைக்கு வந்து, குல்லா மூட்டைமேல் உட்கார்ந்து பன் தின்னும் அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் அவர் காலையில் கடையே திறந்தார் என்பது என் கணிப்பு.

இந்த நேரத்தில் டாக்ஸி டிரைவர் மாரி வந்து ஒரு குண்டைப் போட்டார்.

"பாய், புள்ளைய மட்டும் கேக்க மாட்டாங்க. தாய் தகப்பனையும் உக்கார வச்சுக் கேப்பாங்க."

"என்னத்தக் கேப்பாங்க?"

"புள்ள படிச்சதத்தான். அஞ்சாங்கிளாஸ் இங்கிலீஷ் புக்க விட்டு வெளிய எதுக்குப் போறாங்க?"

மாரிக்குக் கல்யாணமே ஆகவில்லை. அவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் டிரைவர் சொன்னால் கேட்டுக்கொள்வதுதான் பழக்கம். நாலு ஊர் போய் வருகிறவர் அல்லவா.

பாயம்மா மட்டும் ஒரு வார்த்தை சொன்னார். "புள்ள பாஸாயிரும். நீங்கதான் அவளப் பெயிலாக்கப் போறீங்க."

மறுநாளே பாய் மகளின் பழைய புத்தகத்தைக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டார். முதல் இரண்டு பருவத்துப் புத்தகம். அவள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பருவம் படிக்க, இவர் இங்கே முதலிலிருந்து துரத்திக்கொண்டு போனார். இரண்டாம் நாள் மத்தியானம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலே, இருவது வருசமா நான் பேசுனதுல ஒரு வரிகூட இதுல இல்லடா."

"அப்ப நீங்க பேசுனது என்ன பாஷை பாய்?"

"அதான் எனக்கும் பயமா இருக்கு."

அன்றோடு அவர் பழைய பேச்சை நிறுத்தினார். அதைப் பேசினால் புதியது நாக்கில் ஒட்டாதாம். பத்தியம் மாதிரி. புத்தகத்தில் இருப்பதை மட்டும்தான் பேசுவேன் என்று உறுதியாக உட்கார்ந்துவிட்டார். கஷ்டம் என்னவென்றால், அந்தப் புத்தகத்தில் யாரும் ஸ்வெட்டர் விற்கவில்லை.

ஐந்தாம் வகுப்பில் படத்தைப் பார்த்து ஐந்து வாக்கியம் சொல்ல வேண்டும். பாய் கடைக்கு முன்னால் நடப்பதையெல்லாம் படமாக எடுத்துக்கொண்டார். கையைக் கட்டிக்கொண்டு நின்று, இங்கிலீஷில், "இந்தப் படத்தில் ஓர் ஏரி இருக்கிறது. ஏரியில் நாலு படகுகள் இருக்கின்றன. மனிதர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்" என்று முடிப்பார். கடைசி வாக்கியம் மாறவே மாறாது. அந்தப் புத்தகத்துப் படங்களில் அழுகிற ஆளே கிடையாதாம்.

ஒருநாள் புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று கடைக்கு நேர் எதிரில் நின்று சண்டை போட்டது. அந்தப் பெண் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். பையன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாய் எழுந்து கையைக் கட்டினார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன், நிற்கவில்லை. "இன் திஸ் பிக்சர் ஐ சீ எ மேன் அண்டு எ வுமன். தே ஆர் வெரி ஹேப்பி" என்று சத்தமாகச் சொன்னார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி, ஒரே குரலில் அவரைத் திட்டினார்கள். திட்டிவிட்டுக் கையைக் கோத்துக்கொண்டு நடந்தார்கள். பாய் என்னைப் பார்த்து, "சரியாத்தானே சொன்னேன்?" என்றார்.

அடுத்தது வழி சொல்லும் பாடம். புத்தகத்தில் ஒரு வரைபடம். ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ரோடு. நேரே போ, இடப்பக்கம் திரும்பு, வங்கியைத் தாண்டினால் பூங்கா. பெங்களூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் பேருந்து நிலையத்துக்கு வழி கேட்டது. பழைய பாயாக இருந்தால் கையைப் பிடித்துக்கொண்டுபோய்த் திருப்பத்தில் விட்டிருப்பார். புதுப் பாய் நிமிர்ந்து நின்று, "கோ ஸ்ட்ரெய்ட்" என்றார். அதற்குமேல் இடமா வலமா என்பது வரைபடத்தில் இருந்ததே தவிர ஊரில் இல்லை. அதனால் மறுபடியும், "கோ ஸ்ட்ரெய்ட்" என்றார். ஏரிக்கரை ரோடு ஏரியைச் சுற்றிப் போகிறது. ஒன்றரை மணி நேரம் கழித்து அந்தக் குடும்பம் இன்னொரு பக்கத்திலிருந்து எங்கள் கடைக்கே வந்து சேர்ந்தது. அந்த அம்மாள் ரோட்டோரக் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய் டீ வாங்கிவந்து கொடுத்தேன்.

எனக்குச் சேதாரம் வந்தது லீவு லெட்டர் பாடத்தில். பிப்ரவரியில் ஒரு காலை எனக்கு நல்ல காய்ச்சல். ஒழுகும் மூலையின் உபயம். டவுன் பஸ்ஸில் ஏறி வந்து, "பாய், இன்னிக்கு முடியல, படுத்துக்கிறேன்" என்றேன்.

"லெட்டர் எங்க?"

"எனக்கு எழுதத் தெரியாதே பாய்."

"சரி, உக்காரு. நான் எழுதித் தர்றேன்."

எனக்காக அவரே, அவருக்கே ஒரு கடிதம் எழுதினார். மரியாதைக்குரிய ஐயா என்று தொடங்கி, தங்கள் கீழ்ப்படிந்துள்ள மாணவன் என்று முடித்து, என்னிடம் கொடுத்தார். நான் அதை வாங்கி அவரிடம் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, முதல்முறை பார்ப்பதுபோல முழுவதும் படித்தார். பிறகு, "சரி, போயிட்டு வா" என்றார். புத்தகத்தில் இருந்த மாதிரிக் கடிதம் அக்கா கல்யாணத்துக்கு லீவு கேட்பது. அதில் ஒரு எழுத்தை மாற்றினாலும் மார்க் போய்விடும் என்று அப்படியே எழுதியிருக்கிறார். எனக்கு அக்கா கிடையாது. இல்லாத அக்காவின் கல்யாணத்துக்காக இரண்டு நாள் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தேன்.

மூன்றாம் நாள் போனதும், "கல்யாணம் நல்லா நடந்துச்சா?" என்று நிஜமான அக்கறையோடு கேட்டார். "நடந்துச்சு பாய்" என்றேன். வேறென்ன சொல்ல? சாயங்காலம் பாயம்மா கடைக்கே வந்து சண்டை பிடித்தார். "ஏம்ப்பா, எங்களுக்கு ஒரு பத்திரிகை குடுக்கத் தோணலையா ஒனக்கு?" மாப்பிள்ளை என்ன வேலை என்றும் கேட்டார். லாரி டிரைவர் என்று சொல்லி வைத்தேன்.

இதற்குள் வியாபாரம் படுத்துவிட்டது. யாராவது ஸ்வெட்டரைத் தொட்டுப் பார்த்தால் பாய் வாயைத் திறப்பார், பழசு வரும், விழுங்குவார், புதுசு வராது, மூடிக்கொள்வார். வந்தவர்கள் அவருக்கு உடம்புக்கு ஏதோ என்று நினைத்துப் போய்விடுவார்கள்.

மார்ச்சில் பெரிய பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். பாய் கல்யாணச் சட்டை போட்டிருந்தார். பாயம்மா புதுச் சேலை. நஸ்ரின் இரட்டைச் சடை. சான்றிதழ் ஃபைலைப் பிடித்துக்கொள்ள நான். எனக்கு வராந்தாவரைதான் அனுமதி. உள்ளே நடந்ததை நஸ்ரின் எனக்கு மூன்றுமுறை நடித்துக் காட்டியதால், நானே பார்த்த மாதிரிதான் இப்போது இருக்கிறது.

தலைமையாசிரியை கண்ணாடி போட்ட, அமைதியான அம்மாள். வணக்கம் சொன்னார். பாயும் சொன்னார். அதுவரை சரி. பிறகு அந்த அம்மாள் இங்கிலீஷில் கேட்டது ஒரே கேள்வி: "உங்கள் மகளைப் பற்றிச் சொல்லுங்கள்."

பாய் புத்தகம் முழுவதையும் மனத்துக்குள் புரட்டியிருக்கிறார். என் பள்ளி உண்டு. என் அம்மா உண்டு. என் நண்பன் உண்டு. என் பசுகூட உண்டு. என் மகள் மட்டும் இல்லை. அதை எழுதியவர்கள் பிள்ளைகளுக்காக எழுதியிருக்கிறார்கள். தகப்பனுக்கு ஒரு பாடம் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

அவர் மகளைப் பார்த்தார். வாயைத் திறந்தார். கண் நிறைந்துவிட்டது. ஒன்றும் வரவில்லை. பாயம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டார்.

அந்த அம்மாள் அவசரப்படுத்தவில்லை. பிள்ளையின் பக்கம் திரும்பி, "அப்படியானால் நீ உன் அப்பாவைப் பற்றிச் சொல்" என்றார்.

நஸ்ரின் எழுந்து நின்று இங்கிலீஷில் சொன்னாளாம்: "என் அத்தாவும் என்னோடு ஐந்தாம் வகுப்பு படிக்கிறார். எனக்கு முன்னாலேயே வெள்ளனே எழுந்துவிடுவார். கடிதத்தில் கெட்டிக்காரர். வழி சொல்வதில் ரொம்ப வீக். நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் கொஞ்ச நாள் கொடுத்தால் பாஸாகிவிடுவார்."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேறு எதுவும் கேட்கவில்லை. வராந்தாவுக்கு வந்த பாய் ஃபைலை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, "பழனிக்குக் காலையில மொதப் பஸ் எத்தனை மணிக்குடா?" என்றார்.

பத்து நாள் கழித்துப் பட்டியல் ஒட்டினார்கள். நஸ்ரின் பெயர் இருந்தது. பாய் அதைத் தடவித் தடவிப் பார்த்தார். மாரி வந்து, "பாத்தீங்களா, நான் சொன்னபடி புக்க நல்லாப் படிச்சீங்க, சீட்டு கெடைச்சிருச்சு" என்றார். பாய் வழியெல்லாம் என்னையே குடைந்துகொண்டு வந்தார். "ஏலே, நான் ஒண்ணுமே சொல்லலையேடா. எதுக்குடா குடுத்தாங்க?" எனக்குத் தெரியாது என்றேன். இப்போதும் முழுசாகத் தெரியாது.

சீசன் வந்தது. பாய்க்குப் பழைய பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது, ஆனால் பாதியில் நிற்பார். தான் பேசுவது இங்கிலீஷ்தானா என்ற சந்தேகம் அவரை விட்டுப் போகவில்லை.

சீசன் முடிந்தால் எனக்கு ஒரு ஊரில் இருப்புக் கொள்ளாது. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை பழனி பஸ் ஏறிவிடுவது என்று பையைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, சொல்லிக்கொள்ள வந்தேன். கடை மூடியிருந்தது. பெரிய பள்ளிக்கூட வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். நஸ்ரின் அப்போதுதான் உள்ளே போயிருக்கிறாள். திரும்பிப் பார்க்காமல் போனாளாம். பாய் கம்பிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். லேசாகத் தூறல்.

"ஆறாம் வகுப்பு இங்கிலீஷுல என்னடா இருக்கும்?" என்றார்.

"தெரியல பாய்."

"இனிமே நம்மளால அவகூடப் போக முடியாதுல்ல?"

"முடியாது பாய்."

தலையை ஆட்டினார். "சரி, வா, வெரசாப் போய்க் கடையத் திறப்போம், சோலி கெடக்கு" என்றார். ஆனால் நகரவில்லை. உள்ளே மணி அடித்தது. பிள்ளைகளின் சத்தம் அடங்கியது. பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பையைக் கீழே இறக்கி வைத்தேன். பக்கத்தில் ஒரு ஆள் நிற்கட்டுமே என்று நானும் நின்றேன்.